ஓடும் வண்டியும் வலது முழங்காலும்

டிப்போவில் பதினேழு குப்பை வண்டிகள். அவற்றில் ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் எக்ஸ்பிரஸ் என்று பெயர். காலை ஐந்தேகாலுக்கு எல்லா வண்டிகளும் சேர்ந்துதான் கிளம்பும். பத்து மணிக்குக் குப்பை நிறுக்கும் எடைமேடையில் முதல் ஆளாக நிற்பது ஒன்பதாம் நம்பராகத்தான் இருக்கும். பன்னிரண்டு வருடங்களாக இதில் மாற்றமில்லை.

அந்த வண்டியின் மூன்று பேரும் ஒரே வீடு. ஓட்டுவது கணவர். பின்படியின் வலது மூலையில் நிற்பது மனைவி. இடது மூலையில் நிற்பது கணவரின் அக்கா. டிப்போவில் பட்டப்பெயர் இல்லாமல் யாரும் தப்ப முடியாது. மனைவி ஆள் சிறியவள், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள்; அவள் குருவி. நாத்தனார் எதற்கும் அவசரப்படாதவள், அவள் மகாராணி. கணவரைக் கிண்டல் செய்ய யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் அவர் வெறும் ஓட்டுநர்.

குருவிக்கு வலது முழங்காலில் வலி எப்போது வந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கோடை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் மாடிப்படி இறங்கும்போது, முழங்கால் சில்லுக்கு நேர் கீழே, ஆணி நுனி பட்டதுபோல் இருந்தது. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கப் பழகிக்கொண்டாள். வண்டியில் முதல் பத்து வீடுவரை வலிக்கும். உடம்பு சூடேறியதும் அடங்கிவிடும். வேலை முடிந்து, உட்கார்ந்து, எழுந்தால் மறுபடியும் ஆணி. இடையில் அடங்கிவிடுகிறதே என்ற தைரியத்தில் எட்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வருடாந்திர உடல்தகுதிப் பரிசோதனையில் வாய் திறக்க வேண்டியதாயிற்று. முழங்கால் உயர மரப்பெட்டிமேல் ஏறி நின்று, ஒற்றைக் காலில் தாங்கி, மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. வலது காலில் மூன்றாவது தடவையே அவள் பெட்டியோடு சரிந்தாள். மருத்துவ அதிகாரி பன்னிரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் தரம்பிரிக்கும் கொட்டகைக்கு மாற்றம் என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கொட்டகை டிப்போவுக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை. ஓடிக்கொண்டேயிருக்கும் பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கண்ணாடியை ஒரு தொட்டியிலும் பிளாஸ்டிக்கை ஒரு தொட்டியிலும் போடுவார்கள். எட்டு மணி நேரம் ஒரே இடம். பக்கத்தில் நிற்பவர் பேசினால் கேட்காது.

"அங்க போனா எனக்குக் கால் சரியாயிடும், மத்த எல்லாம் போயிடும்" என்றாள் குருவி அன்று சாப்பாட்டு மேசையில். "எந்த வீட்டுல புள்ள பொறந்திருக்கு, எந்த வீட்டுல ஆள் ஊருக்குப் போயிருக்கு, எல்லாம் தொட்டியப் பாத்தே சொல்லுவேன். அந்த பெல்ட்டுல எது யாரு வீட்டுதுன்னு தெரியும்?"

"நான் வேற ஆள ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டணுமா?" என்றார் ஓட்டுநர்.

"ஏன், என்னை ஏத்திக்கிட்டு ஓட்டலையா?" என்றாள் மகாராணி, ரொட்டியை சூப்பில் நனைத்தபடி.

"உன்னை ஏத்தறதுக்குன்னே இன்ஜின மாத்தினாங்கக்கா."

மகாராணி அவர் தட்டிலிருந்த அவித்த முட்டையை எடுத்துக்கொண்டாள். மூவரும் சிரித்தார்கள். ஆனால் குருவி தட்டைக் கழுவப் போனபோது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்ததை மற்ற இருவரும் பார்த்தார்கள்.

அவர்கள் குப்பை எடுக்கும் நான்காவது தெருவில், வளைவு தாண்டிப் பன்னிரண்டாவது வீட்டின் முன்னறைதான் பிசியோ அம்மாவின் சிகிச்சை அறை. பத்து வருடம் கைப்பந்து அணி ஒன்றோடு, ஆட்டக்காரர்களின் தசைவலிக்குச் சிகிச்சை செய்து ஊர் ஊராகச் சுற்றியவர். குள்ளமான உருவம், அதற்குப் பொருந்தாத பெரிய உள்ளங்கை. அறையில் ஒரு உயரமான கட்டில், ஒரு மரப்படி, சுவர்க் கடிகாரம், தெருவைப் பார்த்த ஜன்னல். துணைக்கு வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. மகாராணி முதல் நாளே அந்தப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வலிக்குதுன்னு ஒரே ஒரு விரலால காட்டுங்க" என்றார் பிசியோ அம்மா.

குருவி காட்டினாள். அதே இடத்தில் பிசியோ அம்மா தன் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். குருவியின் முதுகு கட்டிலைவிட்டு ஒரு சாண் எழும்பியது.

"அம்மாடி!"

"சரி, இதுதான். பயப்படாதீங்க. தொடையில முன்பக்கம் பெரிய தசை இருக்கில்ல, அது சில்லைத் தாண்டி, இந்தக் கயிறு வழியா வந்துதான் கீழ் எலும்பப் பிடிச்சிருக்கு. தசைநாண்னு பேரு. நீங்க எழுந்திருச்சாலும் இறங்கினாலும் முழுப் பாரமும் இந்த ரெண்டு விரல் அகலத்துலதான். கயிறு அறுந்து போகல. ஆனா தாங்கற அளவுக்கு மேல யாரோ அதை இழுத்துக்கிட்டே இருக்காங்க."

"யாரு?"

"அதைத்தான் நீங்க எனக்குச் சொல்லணும்."

பிறகு பேச்சை நிறுத்திவிட்டுக் கையை வேலைக்கு விட்டார். வலிக்கிற இடத்தை விட்டுவிட்டுத் தொடையில் தொடங்கினார். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முழங்காலுக்கு மேலிருந்து இடுப்பு நோக்கி மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார். எங்காவது கை தடுக்கினால் நின்று, அங்கே இரண்டு கட்டைவிரலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, குருவி மூச்சு விடும்வரை அழுத்திப் பிடிப்பார். தொடையின் வெளிப்பக்கத்தில் மூன்று இடத்தில் கை தடுக்கியது. கெண்டைக்காலில் ஒரு இடத்தில். எல்லாம் தளர்ந்த பிறகுதான் சில்லுக்குக் கீழே வந்தார். அந்த நாணின் குறுக்கே விரல் நுனியால் இரண்டு நிமிடம், பென்சில் கோட்டை ரப்பரால் அழிப்பதுபோல, சின்னச் சின்னதாகத் தேய்த்தார்.

"தொடை கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

"நெஞ்சும் அப்படித்தான்" என்றாள் மகாராணி பெஞ்சிலிருந்து. "எனக்கு ஒரு நாளு கூடுதலா லீவு போட விட்டதில்ல."

"அண்ணி, நீங்க ஏற்கெனவே லீவுலதான் வேலைக்கு வர்றீங்க" என்றாள் குருவி, பல்லைக் கடித்தபடி.

கட்டிலைவிட்டு இறங்கி நான்கு அடி நடந்து பார்த்தபோது ஆணி இல்லை. குருவியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து பிசியோ அம்மா கையை உயர்த்தினார்.

"ஆடாதீங்க. என் கை வலிய அடக்கும். தசையத் தளர்த்தும். அவ்வளவுதான் அதோட வேலை. கயிறு பலமாகறது நீங்க அதுக்கு வேலை கொடுக்கறதுல இருக்கு. மெதுவான வேலை. சுவத்துல முதுக வச்சு, நாற்காலியில உக்காந்த மாதிரிக் கீழ இறங்கி அப்படியே நில்லுங்க. முக்கா நிமிஷம். அஞ்சு தடவை. தினமும். ஞாயித்துக்கிழமையும் வியாழக்கிழமையும் இங்க வாங்க. பன்னிரண்டு வாரம் போதும். நான் இதைவிட மோசமான காலெல்லாம் பாத்திருக்கேன்."

அவர் சொன்ன விதத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. மூவரும் நம்பினார்கள்.

வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவர் குருவிக்கு ஒதுக்கப்பட்டது. சாயந்தரம் ஐந்து மணிக்கு அவள் சுவரோடு உட்காருவாள். நாற்காலி இல்லாத நாற்காலி. மகாராணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே விநாடி எண்ணுவாள். முப்பதுக்கு மேல் அவள் எண்ணும் வேகம் குறைந்துவிடும்.

"அண்ணி, நாப்பதுக்கு அப்புறம் நாப்பத்தொண்ணு."

"வெங்காயம் கண்ணுல பட்டுடுச்சு. முப்பத்தெட்டு."

ஓட்டுநருக்கும் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பிசியோ அம்மா செய்வதை ஒரு நாள் பார்த்தவர், அன்று மாலை எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்து, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலால் நேராகச் சில்லுக்குக் கீழேயே அரை மணி நேரம் தேய்த்தார். மறுநாள் குருவியால் படியில் கால் வைக்க முடியவில்லை.

வியாழக்கிழமை பிசியோ அம்மா முழங்காலைப் பார்த்ததும் கேட்டார். "யாரு கை வச்சது?"

குருவி கூரையைப் பார்த்தாள். மகாராணி தம்பியைக் காட்டிக்கொடுத்தாள்.

பிசியோ அம்மா கோபப்படவில்லை. வெளியே நின்றிருந்த ஓட்டுநரை உள்ளே கூப்பிட்டார். அவருடைய உள்ளங்கையை எடுத்துக் குருவியின் தொடைமேல் வைத்தார். "கீழ போகாதீங்க. புண்ணான இடத்தைப் புரட்டினா புண்ணு பெருசாகும். இங்கேருந்து இங்க வரைக்கும். விரல் வேண்டாம், உள்ளங்கையால. அவங்க முகத்தப் பாத்துக்கிட்டே செய்யுங்க."

ஓட்டுநர் வெட்கத்தோடு இரண்டு தடவை தள்ளினார். குருவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"முகத்தப் பாருடா, ஜன்னல என்ன பாக்கற" என்றாள் மகாராணி.

மூன்று வாரம் போயிற்று. நான்கு வாரம். மழை விட்டு, விடியற்காலையில் முகத்தைச் சீவும் குளிர் காற்று வந்தது. சுவரோடு உட்காருவது முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு ஏறியது. தொடையில் கை தடுக்கும் இடம் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் அந்த நாண் மட்டும் ஏமாற்றியது. ஓய்வு நாளான ஞாயிறு மாலை போனால் அமைதியாக இருக்கும். வியாழக்கிழமை போனால் தடித்து, சூடாக, முதல் நாள் இருந்தது போலவே இருக்கும். ஐந்தாவது வாரம் பிசியோ அம்மா கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் கட்டறத நீங்க நாலு நாள்ல அவுத்துடறீங்க. வண்டில என்ன பண்றீங்க?"

"வேலைதாம்மா பண்றேன். தொட்டி எல்லாம் சக்கரம் வச்சது. தூக்கறது கூட இல்ல, தள்ளறதுதான்."

"படியிலேருந்து எப்படி இறங்கறீங்க? இந்த மரப்படில ஏறிக் காட்டுங்க."

குருவி ஏறினாள். கைப்பிடியைப் பிடித்தாள். இடது காலை வைத்து, வலது காலை வைத்து, மணமேடையிலிருந்து இறங்குகிறவள் மாதிரி இறங்கினாள்.

"இப்படித்தானா?"

"இப்படித்தாம்மா."

பெஞ்சில் மகாராணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"எதுக்கு அண்ணி சிரிக்கறீங்க?"

"அது நான் இறங்கறதுடி! நீ எப்ப இறங்கின? நீ பறப்ப. இவளுக்குக் குருவின்னு சும்மாவா பேரு வச்சாங்க? தொட்டிக்குப் பத்தடி இருக்கும்போதே இவ படில இருக்க மாட்டா. வண்டி ஓடிக்கிட்டே இருக்கும், இவ வலது காலக் கீழ ஊனி, நாலு எட்டு ஓடி, தொட்டியப் பிடிச்சிருப்பா. அப்புறம்தான் வண்டி நிக்கும். அப்புறம்தான் நான் இறங்குவேன். அதுக்குத்தான் இந்த ஊரு என்னை மகாராணின்னுது."

"எல்லாரும் அப்படித்தான் இறங்குவாங்க" என்றாள் குருவி. அவளுக்கு உண்மையாகவே அது குதிப்பதாகப் படவில்லை. அது இறங்குவது.

பிசியோ அம்மா மகாராணியின் பக்கம் திரும்பினார். "உங்க முட்டி எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிசியோ அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு தன் வீட்டு வாசலில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். வளைவில் ஒன்பதாம் நம்பர் திரும்பியது. வளைவிலிருந்து அவர் வீடுவரை அந்தப் பக்கம் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு தடவை குருவி ஓடும் வண்டியிலிருந்து விழுந்தாள். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் வலது கால் முதலில், முழங்கால் மடிந்து, உடம்பின் பாரமும் வண்டியின் வேகமும் அந்த இரண்டு விரல் அகலத்தின்மேல். வண்டி ஒவ்வொரு வீட்டிலும் நின்றது உண்மைதான். அவள் தொட்டியைத் தொட்ட பிறகு நின்றது.

"உங்க பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை வீடு?" என்று வாசலிலேயே கேட்டார்.

"முன்னூத்திப் பத்து" என்றாள் குருவி, அவருடைய தொட்டியைத் தள்ளிக்கொண்டே. அவர் முகத்தைப் பார்த்ததும் தள்ளுவதை நிறுத்தினாள்.

பிசியோ அம்மா முன்னால் போய் ஓட்டுநரின் கதவைத் தட்டினார். "நீங்க ஏன் வண்டிய நிறுத்த மாட்டேங்கறீங்க?"

ஓட்டுநருக்குப் புரியவில்லை. "நிறுத்தித்தான் இருக்கேனேம்மா."

"அவங்க இறங்கினதுக்கு அப்புறம் நிறுத்தறீங்க."

"ஆமா. அவ கண்ணாடில தெரிவா. தொட்டிகிட்ட வந்துட்டான்னு தெரிஞ்சதும் பிரேக் போடுவேன்."

"அவங்க கண்ணாடில தெரியலன்னா?"

"தெரியாம எப்படி இருப்பா? குதிச்சிடுவாளே."

பின்னாலிருந்து குருவி வந்துவிட்டாள். "நீங்க நிறுத்த மாட்டீங்கன்னுதானே நான் குதிக்கறேன்? நின்னுக்கிட்டே இருந்தா வீடு தாண்டிப் போயிடுமே!"

"நீ குதிக்கறேன்னுதானே நான் நிறுத்தறதில்ல! நீ குதிச்ச இடத்துலயே நின்னுட்டா உனக்கு நடை அதிகமாகுமேன்னு உருட்டிக்கிட்டு வர்றேன்."

"எனக்காகவா? உங்களுக்கு கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடுப்பு வலிக்குமேன்னு நான் முந்திக்கிட்டுப் போறேன்!"

"எனக்கு எப்பவாவது இடுப்பு வலிக்குதுன்னு சொன்னேனா?"

"நான் எப்பவாவது நடக்க முடியலன்னு சொன்னேனா?"

"யாரு முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்டார் பிசியோ அம்மா.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், முதல் நாள் காலை, முதல் வீட்டில் என்ன நடந்தது என்று இருவருக்கும் நினைவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல்விளக்கிக்கொண்டே வந்து நின்று வேடிக்கை பார்த்தார். இடது மூலையில் மகாராணி இன்னும் படியைவிட்டு இறங்கவில்லை.

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு" என்றார் பிசியோ அம்மா. "நான் வாரத்துல ரெண்டு நாள் இழுத்துக் கட்டறேன். நீங்க ஆறு நாள், நாளைக்கு முன்னூத்திப் பத்து தடவை சுத்தியால அடிக்கறீங்க. இதுல யாரு ஜெயிப்பா? இன்னியிலேருந்து வண்டி நிக்கணும். முழுக்க நிக்கணும். சக்கரம் அசையக்கூடாது. அதுக்கப்புறம் இவங்க இறங்கணும். இடது கால முதல்ல வச்சு. இதுக்குச் சம்மதம்னா ஞாயித்துக்கிழமை வாங்க. இல்லன்னா இந்தக் காலுக்கு என்கிட்ட வேலை இல்ல."

சம்மதம் சொல்வது சுலபமாக இருந்தது. செய்வதுதான் இழுத்தடித்தது. ஓட்டுநருக்குக் கண்ணாடியில் மனைவி தெரிந்தால்தான் கால் பிரேக்கைத் தேடியது. தெரியாவிட்டால் வண்டி உருண்டுகொண்டே போனது. முதல் நாள் ஒவ்வொரு வீட்டையும் அரை வண்டி நீளம் தாண்டித்தான் நின்றார். குருவிக்கும் அப்படித்தான். வண்டி வேகம் குறையும்போது வலது கால் தானாகப் படியைவிட்டு எழும். மகாராணி கையை நீட்டி அவள் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்வாள்.

"நிக்கலடி. நிக்கல. இரு. இப்ப நின்னுடுச்சு. இறங்கு, மகாராணி."

தன் பட்டத்தை அடுத்தவளுக்குக் கொடுப்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பன்னிரண்டு வருஷமா உன்னப் பாத்துத்தான் நிறுத்தினேன்" என்றார் ஓட்டுநர் அன்று மாலை, உள்ளங்கையால் அவள் தொடையைத் தள்ளியபடி. "இப்ப தொட்டியப் பாத்து நிறுத்துன்னா எப்படி?"

"தொட்டிக்கு என் மூஞ்சிய வரைஞ்சு ஒட்டவா?"

"வேண்டாம். பயத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சிடுவேன்."

அந்த வாரம் அவர்கள் எடைமேடைக்கு வந்தபோது மணி பதினொன்று பத்து. முன்னால் பதினாறு வண்டி. பதினான்காம் நம்பர் ஓட்டுநர் கீழே இறங்கி, சலாம் வைத்து, "கூட்ஸ் ரயில் வந்துடுச்சு, வழி விடுங்கப்பா" என்றார். எக்ஸ்பிரஸ் என்ற பெயர் அன்றே போயிற்று. இரண்டு நாள் ஓட்டுநர் வரிசையில் வண்டியைவிட்டுக் கீழே இறங்கவேயில்லை. மூன்றாவது நாள் வரிசையின் கடைசியில் நின்றபடி, பிளாஸ்கைத் திறந்து மூவருக்கும் டீ ஊற்றினார். காத்திருக்கும் நேரத்தில் டீ குடிக்கலாம் என்று அவர்களுக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

ஏழாவது வாரம் வியாழக்கிழமை பிசியோ அம்மா கட்டைவிரலைச் சில்லுக்குக் கீழே வைத்தார். அழுத்தினார். இன்னும் அழுத்தினார். குருவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. இருக்கு. ஆனா ஆணி இல்ல. கை மாதிரி இருக்கு."

"கைதான் அது" என்றார் பிசியோ அம்மா. அன்றிலிருந்து சாய்வுப் பலகைமேல் ஒற்றைக் காலில் மெல்ல உட்கார்ந்து எழும் பயிற்சி சேர்ந்தது. பத்தாவது வாரத்தில் இரண்டு கையிலும் தண்ணீர் நிரப்பிய கேன். மூன்றாவது மாடியிலிருந்து குருவி நேராகப் படி இறங்கினாள். கீழ்வீட்டுப் பெண்மணி, "என்ன, இன்னிக்கு நண்டக் காணோம்?" என்று கேட்டாள்.

பன்னிரண்டாவது வாரம் சனிக்கிழமை மறுபரிசோதனை. டிப்போ முற்றத்தில் காலை வேலை முடிந்த பதினேழு வண்டிக்காரர்களும் கூடிவிட்டார்கள். மருத்துவ அதிகாரி அட்டையும் நிறுத்துக் கடிகாரமுமாக வந்தார். பெட்டி இறக்கத்தில் இடது கால் பத்து. வலது கால் பத்து. கடைசித் தடவை வேண்டுமென்றே மிக மெதுவாக இறங்கி, குதிகாலைத் தரையில் வைத்து, அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லது" என்றார் அவர். "இப்ப வண்டில. அங்க ஒரு தொட்டி, அதுக்கு அப்பால ஒண்ணு. தினமும் வேலை செய்யற மாதிரி செய்யுங்க. வலிச்சாலோ தடுமாறினாலோ நான் எழுதிடுவேன்."

ஒன்பதாம் நம்பர் கிளம்பியது. குருவி மட்டும் வலது மூலையில். சுற்றி நின்றவர்கள் கைதட்டி, "எக்ஸ்பிரஸ்! எக்ஸ்பிரஸ்!" என்று கத்தினார்கள். பழைய பெயரைக் கேட்டதும் ஏழு வாரமாகப் பழகியது எல்லாம் எங்கோ போய், ஓட்டுநரின் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. வண்டி வேகம் குறைந்தது. முதல் தொட்டி நெருங்கியது. பத்தடி. ஆறடி. குதிக்கிற இடம் அதுதான். அவள் உடம்பில் ஒவ்வொரு எலும்புக்கும் அது தெரியும். அவள் குதித்திருந்தால் வண்டி நின்றிருக்கும். முற்றமே ஆரவாரம் செய்திருக்கும்.

குருவி கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

தொட்டி அவளைக் கடந்து பின்னால் போயிற்று. வண்டி உருண்டது. கைதட்டல் தேய்ந்து நின்றது. அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டு வண்டியோடு நடந்தார்.

"ஏன், இறங்க முடியலையா?"

"முடியும் சார்."

"பின்ன?"

"வண்டி நிக்கல."

கண்ணாடியில் யாரும் வராததை அப்போதுதான் ஓட்டுநர் உணர்ந்தார். பிரேக் விழுந்தது. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். தொட்டி எங்கேயோ, மனைவி படியில். கூட்டத்திலிருந்து மகாராணியின் குரல் மட்டும் கேட்டது. "டேய் தம்பி! அவளப் பாக்காதடா, தொட்டியப் பாருடா!"

"இன்னொரு தடவை பண்றோம் சார்" என்றாள் குருவி. அனுமதி கேட்கும் குரலாக அது இல்லை. அதிகாரி பேனாவை மூடாமல் தலையசைத்தார்.

வண்டி பின்னோக்கி வந்தது. மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை ஓட்டுநரின் தலை ஜன்னலுக்கு வெளியே, தொட்டியையே பார்த்துக்கொண்டு வந்தது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, சக்கரம் கடைசியாகக் கால் சுற்று சுற்றி, தொட்டிக்கு நேராக அசைவற்றது. குருவி இடது காலை வைத்து, வலது காலை வைத்து இறங்கினாள். தொட்டியைத் தள்ளிக் கவிழ்த்து, திரும்ப வைத்து, ஏறினாள். இரண்டாவது தொட்டியிலும் அதே.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "கால் சரியாத்தான் இருக்கு. ஆனா உங்க வண்டிதான் ரொம்ப வேகம்னு சொன்னாங்களே?"

"அது அப்ப சார்" என்றாள் குருவி.

அவர் தாளை அட்டைமேல் வைத்துத் தகுதி என்று எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மகாராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இடது மூலையில் ஏறினாள். வண்டியை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டுநர் கியரைப் போட்டுவிட்டு, பின்னால் திரும்பிக் கத்தினார்.

"போகலாமா?"

"போலாம்" என்றாள் குருவி. "நிறுத்தறதுக்கு இடம் பாத்து ஓட்டுங்க."